ஒண்ணாரெண்டா வண்டி வாங்கிய கதை

எங்கள் அத்தானுக்குத் தெருவில் வைத்த பேர் ஒண்ணாரெண்டா. அவர் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கூச்சப்படாமல் திரும்பிப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் சுவர் முழுக்க பிரேம் மாட்டிய நீள அறை, பின்பக்கம் திரை போட்ட ஓர் இருட்டறை. வருகிற ஆளை அந்த இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின்மேல் ஒரு கனத்த இரும்பு பிரேமைச் சுமத்தி, அதில் ஒரு லென்ஸைச் செருகுவார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார். "இப்ப சொல்லுங்க, ஒண்ணு நல்லாத் தெரியுதா, ரெண்டு நல்லாத் தெரியுதா?" பதில் சொன்னதும் விட்டுவிடுவாரா என்றால் மாட்டார். ஜெயித்த லென்ஸை வைத்துக்கொண்டு அதற்கு எதிராக இன்னொன்றை இறக்குவார். உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பேரே மறந்துபோகிற நேரத்தில்தான் சீட்டு எழுதுவார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் போட்டுக்கொடுத்த கண்ணாடி சரியில்லையென்று யாரும் திருப்பிக்கொண்டு வந்ததில்லை.

இருட்டறைக்குள்ளேயே நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மனுஷன் அதை வெளியேயும் கொண்டுவந்துவிட்டார். தக்காளி வாங்கப் போனால் கைக்கொன்றாக வைத்துக்கொண்டு கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். கூடத்துக்கு மின்விசிறி வாங்கியபோது குடும்பத்தையே கடைக்குக் கூட்டிப்போய், ஒரு விசிறியின் கீழே நிற்கவைத்து, அடுத்ததன் கீழே நிற்கவைத்து, எது காற்று என்று கேட்டார். கடையிலிருந்தவர்கள் எங்களை ஏதோ பரிசோதனைக்கு வந்தவர்கள் என்று நினைத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னையும் அக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒண்ணா ரெண்டா என்று கேட்காமல் விட்டாரே, அதுவரைக்கும் புண்ணியம்.

நான் அவருடைய மச்சினி. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், அதனால் அத்தான் உட்பட எல்லோருக்கும் டீச்சர். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெரிசல் ரோட்டில் போவதுதான் என் பிழைப்பு. அதில் வராத ரத்தக்கொதிப்பு இந்த ஒரு மனுஷர் வண்டி வாங்கியதில் எனக்கு வந்தது.

வண்டி எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா நீர்வள அலுவலகத்தில் தண்ணீர் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். எங்களுக்குக் குடிநீர் மலைமேல் இருக்கிற நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. வாரத்துக்கு ஒருமுறை அங்கே ஏறிப்போய், கரையிலும் மதகு ஓரத்திலும் பாட்டில்களில் தண்ணீர் மொண்டு, அங்கேயே கலங்கல் பார்த்து, மிச்சத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். தார் ரோடு அடிவாரத்தோடு முடிந்துவிடும். அப்புறம் மண்பாதை, இடையிடையே உருண்டைக் கல், ஓரிடத்தில் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் ஓடை, கடைசியில் மழை பெய்தால் வழுக்குகிற களிமண் சரிவு. ஆளை விழுங்குகிற பாதையெல்லாம் இல்லை. ஆனால் சாதாரணக் காரை ஏற்றினால் அடிவயிறு கிழிந்துவிடும்.

அந்தப் பாதையில் அலுவலக ஜீப்பில் போய்ப் போய்த்தான் அக்காவின் முதுகெலும்பில் ஒரு தட்டு நழுவியது. ஜீப்பா அது? இரும்புப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஆபரேஷன் ஆயிற்று, மாதக்கணக்கில் படுக்கை, அப்புறம் அலுவலகத்தில் மேசை வேலை. டாக்டர், அதிராமல் போய்வர முடியுமென்றால் மலைக்குப் போகலாம், ஆனால் அந்த ஜீப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்றார். அவளுடைய அதிகாரி நல்ல மனிதர். சொந்த வண்டியில் போய்வந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை, மழைக்காலம் தொடங்குவதற்குள் முடிவைச் சொல்ல வேண்டும், மழையில் தண்ணீர் கலங்கும்போது ஒரு வாரம்கூட விடமுடியாது, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டு அவளை மேசைக்கே நிரந்தரமாக மாற்றிவிட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு மேசை என்றாலே முகம் விழுந்துவிடும். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அங்க நின்னு தண்ணி மொண்டாத்தான்டி நான் வேலை பாக்கறேன்னு எனக்குத் தோணுது. கீழ உக்காந்தா நான் வெறும் நோயாளி."

அதைக் கேட்டுத்தான் அத்தானும் வண்டி வாங்கலாம் என்று இறங்கினார். போய்வருகிற நாளைத் தன் கடை விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி, தானே ஓட்டிப்போகிறேன் என்றார். அதுவரை எல்லாம் சரி. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன வண்டி என்றும் கேட்டார். நான் பொறுமையாகச் சொன்னேன். நாலு சக்கரமும் இழுக்கிற எஸ்யூவி வேண்டும். மலையேறிப் பந்தயம் விடப்போவதில்லை, அதனால் முரட்டு வண்டி வேண்டாம். அது பாறையில் ஏறும், ஆனால் உள்ளே இருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். ரிம் சின்னதாக, டயர் கொழுகொழுவென்று இருக்க வேண்டும், கல்லில் ஏறினால் அடியை டயர் வாங்கிக்கொள்ளும். ஏறி இறங்க முதுகை வளைக்காத உயரம் வேண்டும். ஷோரூமில் பளபளவென்று பெரிய ரிம் போட்டு நிற்பதைப் பார்த்து மயங்காதீர்கள் என்றேன். தலையைத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியவள் நான்.

முதலில் நானே ஒரு வண்டியைக் காட்டினேன். கிரீம் நிறம், உருண்டு திரண்டு, அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத வண்டி. ஆனால் நான் சொன்ன எல்லாம் அதில் இருந்தன. அத்தான் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. முன் கண்ணாடியின் ஓரமாக வெளியே நின்ற விளக்குக் கம்பத்தைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"கம்பம் வளையுது, டீச்சர்," என்றார்.

கண்ணாடியின் மூலையில், ஓட்டுகிறவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத மூலையில், கம்பம் லேசாக வளைந்து தெரிகிறதாம். இப்படிக் கண்ணாடி போட்டவன் வேறு எதை ஒழுங்காகப் போட்டிருப்பான் என்றார். நான் என்ன சொல்லியும் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரரைக் கார் வாங்க அனுப்பினால் காரைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அந்த வண்டி அன்றோடு ஒழிந்தது.

அப்புறம் ஆரம்பித்தது திருவிளையாடல். ஷோரூம்களெல்லாம் வரிசையாக இருக்கிற ரோட்டுக்குப் பின்னால், செங்கல் கிடங்கை ஒட்டி, பாதி போட்டு விட்ட ரோடு ஒன்று இருந்தது. ஜல்லியும் பள்ளமுமாகக் கிடக்கும். அதை அத்தான் தன் இருட்டறையாக்கிக்கொண்டார். ஒரு வண்டியைக் கேட்டு வாங்கி அதில் அக்காவை ஏற்றி ஜல்லியில் ஒரு போக்கு, ஒரு வரத்து. இறங்கி அடுத்த ஷோரூம், அடுத்த வண்டி, அதே ஜல்லி. ஓட்டிக்கொண்டே பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"இப்ப சொல்லு, முன்னதா, இதுவா?"

"இதுதான் நல்லாருக்கு," என்பாள் அக்கா.

இப்படியாக இரண்டாவது வண்டி ஜெயிக்கும். அதற்கு எதிராக மூன்றாவது. அதில் மூன்றாவது ஜெயிக்கும். அத்தானுக்குச் சந்தேகம் வந்து, முன்னதையும் பின்னதையும் மாற்றிப்போட்டு மறுபடி கேட்டால், அப்போதும் அக்காவுக்குக் கடைசியாக ஏறியதுதான் நன்றாக இருக்கும். இரண்டு வண்டியை வைத்துக்கொண்டு இரண்டுமே மற்றதைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால், கேட்கிற மனுஷன் என்ன செய்வார்? திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சேல்ஸ்மேன்கள் முதலில் சிரித்த முகத்தோடு காபி கொடுத்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது, காபி மட்டும் வந்தது. அப்புறம் காபியும் நின்றது. எங்கள் தலையைக் கண்டதும் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போவார்.

பின்சீட்டில் உட்காரவைக்காதீர்கள், அது பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது, குலுக்கல் முழுக்க அங்கேதான் வரும், முன்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பின்சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம், அதுதான் சவுகரியம் என்று அத்தான் தானாக முடிவுகட்டியிருந்தார். அக்காவும் தனக்குப் பின்னால்தான் வசதி என்று அடம்பிடித்தாள். அவரவர் முதுகு அவரவருக்குத்தானே தெரியும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

வானம் இருட்ட ஆரம்பித்தது. அதிகாரி இரண்டு தடவை ஆள்விட்டுக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, நேரே கடைக்குப் போனேன். உள்ளே ஒரு பெரியவர் இரும்பு பிரேமும் முகமுமாக உட்கார்ந்திருந்தார். இருக்கட்டும் என்று அவருக்கு முன்னாலேயே அத்தானைப் பிடி பிடியென்று பிடித்தேன். மழை வந்தால் அக்காவின் வேலை போகும், நீங்கள் ஜல்லிக்கும் ஜல்லிக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துக்கொண்டிருங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டு எடுத்தால்கூட இந்நேரம் வண்டி வாசலில் நின்றிருக்கும் என்று கத்தினேன். பெரியவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த எழுத்துகளையே பார்த்தார்.

அத்தான் கோபப்படவில்லை. அது இன்னும் கடுப்பு. லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டே, கேட்டால் பதில் ஒரு பக்கமாகச் சாய வேண்டும், இதுவரை தான் கேட்டு அப்படிச் சாயாத ஆளே இல்லை, அக்காவுக்கு ஏன் சாயமாட்டேன் என்கிறது என்றுதான் புரியவில்லை என்றார். தான் கேட்கிற விதத்தில் ஏதோ தப்பு இருக்கிறதாம். பதில் சொல்கிறவளிடம் தப்பு இருக்கும் என்று அந்த மனுஷனுக்குக் கனவில்கூடத் தோன்றவில்லை. கண் மங்கி வருகிறவர்கள் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்கள்? அந்தப் பழக்கத்திலேயே ஊறிப்போனவர்.

முதல் தூறல் விழுந்ததும் அவரே பயந்துபோனார். சாம்பல் நிற வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பெரிய ரிம், ஒல்லி டயர், உள்ளே தோல் சீட்டு. நான் வேண்டாம் என்றேன். அக்கா ஆஹா ஓஹோ என்றாள். முன்பணம் கொடுப்பதற்கு முன் மலைப்பாதையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. ஷோரூமில் எங்களைத் தொலைத்தால் போதும் என்று வண்டியைக் கொடுத்தார்கள். கூட வந்த சேல்ஸ்மேன் அடிவாரத்து டீக்கடையிலேயே இறங்கிக்கொண்டார்.

இந்தத் தடவை நான் ஓட்டினேன். அத்தான் பக்கத்தில், அக்கா வழக்கம்போலப் பின்னால். மண்பாதை தொடங்கியது. நாலு சக்கரத்துக்கும் இழுவையை மாற்றி மெதுவாக ஏற்றினேன். அத்தான் முன்னால் பாதையைப் பார்த்தபடி, எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்றார். நல்லாருக்குங்க, மெத்தையில படுத்த மாதிரி இருக்கு என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எனக்குத் தொழில் புத்தி, ஓட்டும்போது கண் அடிக்கடி மேலே இருக்கிற கண்ணாடிக்குப் போகும். உருண்டைக் கல் வருகிற இடத்தில் அதில் அக்காவைப் பார்த்தேன். கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியில் ஒரு கையை மணிக்கட்டு வரை நுழைத்து இறுக்கியிருந்தாள். இன்னொரு கை முஷ்டியாகச் சீட்டில் ஊன்றியிருந்தது. முன்சக்கரம் கல்லில் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் உடம்பை அப்படியே தூக்கிக்கொண்டாள். இடுப்பு சீட்டில் இல்லை. கல் தாண்டியதும் மெல்ல இறங்கினாள். உதட்டைக் கடித்திருந்தாள். அடுத்த கல்லுக்கும் அதே. அவள் எந்த வண்டியின் சீட்டிலும் உட்காரவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் எல்லா வண்டியிலும் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அப்புறம் எந்த வண்டிக்கும் எந்த வண்டிக்கும் வித்தியாசம் தெரியும்?

வண்டியை நிறுத்தினேன். "அக்கா, ரெண்டு கையையும் மடியில வை."

"ஏண்டி? நல்லாத்தானே போயிட்டிருக்கு."

"வை."

அத்தான் ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அக்கா கையை மடியில் வைத்தாள். வண்டியை எடுத்தேன். அடுத்த கல் பெரிதுகூட இல்லை. ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. குழந்தை கத்துகிற மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்தை நான் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன். பிரேக்கை மிதித்தேன், கூடவே கோபமும் வந்தது.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்லுளிமங்கி, அழுத்தக்காரி, ஊரையே ஏமாற்றுகிறாயே, உன் முதுகா என் முதுகா, இந்த மனுஷனைப் பைத்தியமாக அடித்துவிட்டாயே, நாங்களெல்லாம் வேலைவெட்டி இல்லாமலா உன்னோடு ஜல்லியில் சுற்றினோம் என்றேன். அத்தானையும் விடவில்லை. பக்கத்தில் வாழ்கிறவளுக்கு வலிக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் ஒண்ணா ரெண்டா என்று என்ன கேள்வி என்றேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார். சற்றுத் தள்ளிப் போய்ப் பாதையோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தூறல் அவர் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள், ஆனால் கதவு திறந்திருந்தது, அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"வலிக்குதுன்னு சொன்னா அவர் வாங்க மாட்டார். நீ வீட்லயே இரும்பார். நல்லதுக்குத்தான் சொல்வார். அப்புறம் நான் அந்த மேசையில உக்காந்து, வேற யாரோ மொண்டுட்டு வந்த தண்ணிக்குக் கையெழுத்துப் போடணும். அதுக்கு இந்த வலி தேவலாம்டி. வண்டி வாசலுக்கு வந்துட்டா எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

அத்தான் திரும்பி வந்தார். பின்கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் ஏறி உட்காராமல், தரையில் நின்றபடியே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"என் கடைக்கு வர்ற எல்லாருக்கும் கடைசி வரி தெரியறதில்ல. எவ்வளவு லென்ஸ் போட்டாலும் சிலருக்குத் தெரியாது. அவங்களை எழுந்து போன்னா சொல்றேன்? எது வரைக்கும் தெரியுதோ அதுக்குப் போட்டுக் கொடுக்கறேன். ஆனா தெரியலன்னு அவங்க சொல்லணும். வலிக்கலன்னு எங்கிட்ட சொல்லாத. எவ்வளவு வலிக்குதுன்னு சொல்லு. நீ மலைக்குப் போகக்கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன்."

அக்கா தோல் சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அப்புறம், "இந்த வண்டி ரொம்ப வலிக்குது," என்றாள்.

அதோடு சாம்பல் வண்டி போயிற்று. சேல்ஸ்மேன் டீக்கடையில் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அவருக்காக நான் உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

அப்புறம் என்ன, மறுபடி முதலிலிருந்துதான். ஆளை விடுங்கள் என்றால் யார் விடுகிறார்கள்? மழைத் தூறலில் அதே ஷோரூம்கள், அதே ஜல்லி. ஆனால் இந்தத் தடவை அக்கா முன்சீட்டில். ஓட்டுவது நான், அத்தான் பின்னால். அவள் எதையும் பிடித்துத் தொங்கிவிடக்கூடாது என்று அத்தான் லென்ஸ் அடுக்கிய மரப்பெட்டியைத் திறந்தபடி அவள் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு லென்ஸ் சிதறினாலும் தனக்குப் பிழைப்புப் போச்சு என்றார். வேறு எந்தப் புருஷனுக்காவது இப்படி ஒரு யோசனை தோன்றுமா?

உண்மையைச் சொல்லலாம் என்று ஆனதும் அக்கா பேய்மாதிரி சொன்னாள். இது இடுப்பில் குத்துகிறது. இது பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிப் போடுகிறது. இதில் ஏறும்போதே வலிக்கிறது, அப்புறம் போவது எங்கே? பச்சை வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே பிடிக்கவில்லை. சேல்ஸ்மேன்கள் தங்கள் வண்டியைப் பற்றி அப்படி ஒரு வசவைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் கழிந்து போயின. நான் வண்டியைத் திருப்பி, அந்தக் கிரீம் நிற வண்டி இருக்கிற இடத்துக்குப் போய் நிறுத்தினேன்.

அதில் ஏறி ஜல்லியில் போய்வந்தோம். அத்தான் கேட்டார்.

"முன்னதா, இதுவா?"

அக்கா பெட்டியைப் பிடித்தபடியே இடுப்பை மெல்ல அசைத்துப் பார்த்தாள். யோசித்தாள். "இதுவும் வலிக்குது. ஆனா இது கம்மி. கொஞ்ச நேரத்துல அடங்கிடுது."

அத்தான் அதற்கு எதிராக இன்னொன்றை இறக்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன், இதோ கேட்கப்போகிறார் என்று. கேட்கவில்லை. பெட்டியை அவள் மடியிலிருந்து எடுத்து மூடினார். வளைகிற கம்பத்தைப் பற்றி நான் ஞாபகப்படுத்தினேன், வாய் சும்மா இருக்குமா? அந்த மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறேன் என்றார். போய்க் கையெழுத்துப் போட்டார். அதிகாரிக்கு அக்காவே போன் பண்ணினாள். நின்றுகொண்டே பேசினாள்.

முதல் தடவை மலைக்குப் போகும்போது நானும் போனேன். மழை பிடித்துக்கொண்டது. நான் பின்சீட்டில், குலுங்கிக்கொண்டு. சும்மா சொல்லக்கூடாது, வண்டி நன்றாகத்தான் போயிற்று. கல்லை டயர் வாங்கிக்கொண்டது, ஓடையைச் சத்தமில்லாமல் தாண்டியது. அக்கா நடுநடுவே இங்க வலிக்குது, கொஞ்சம் மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தான் ஒவ்வொரு தடவையும் சரிம்மா என்றார். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. வலிக்கவே இல்லை என்று சொன்னவள் இவள்தானா?

களிமண் சரிவு வந்தது. நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வ, வண்டி குதித்துக் குதித்து ஏற ஆரம்பித்தது.

"நிறுத்துங்க," என்றாள் அக்கா.

நிறுத்தினார். அவள் கதவைத் திறந்து, ரப்பர் பூட்ஸோடு இறங்கி, குடையை விரித்து, சேற்றில் காலை அழுத்தி அழுத்தி வைத்து ஏற ஆரம்பித்தாள். அத்தான் அவளுக்குப் பின்னால் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோனார். முன்னால் குடை, பின்னால் வண்டி, அதில் யாருமில்லாத அந்தச் சொகுசு சீட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"இதுக்கா அத்தான் ஊர்ல இருக்கற அத்தனை வண்டியும் ஏறி இறங்கினோம்? கடைசியில அவ நடந்துதான் போறா. நடக்கறதுன்னா அந்த ஜீப்லயே வந்து இங்க இறங்கி நடந்திருக்கலாமே. முதுகும் போயிருக்காது, நமக்கும் இந்த மண்டைக்காய்ச்சல் இல்ல."

அத்தான் அவளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கால் பிரேக்கிலேயே இருந்தது.

"ஜீப்ல இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவ நிறுத்துன்னு சொன்னதில்ல, டீச்சர்," என்றார்.

மழை இன்னும் வலுத்தது. அக்கா மேட்டுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். அங்கிருந்து தண்ணீர் தெரியும். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, பாட்டில் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.